வீட்டைச் சுற்றி 50 மீட்டர்: பிரான்சில் புதர் வெட்டும் கடமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்குப் பிரான்சில் காட்டை ஒட்டி வீடோ காணியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சட்டக் கடமை உண்டு. வீட்டைச் சுற்றியுள்ள புதரை வெட்டி, சருகை அள்ளி, காட்டுத்தீ வந்தால் அது வீட்டுக்குத் தாவாதபடி வைத்திருக்க வேண்டும். பிரெஞ்சில் இதற்கு 'ஒப்லிகாசியோன் லெகால் தெ தெப்ருசாய்மோன்' என்று பெயர். மெரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், சுருக்கமாக ஓ.எல்.தே. என்பார்கள். இது பற்றி மெரி அனுப்பும் கடிதத்தைப் பலர் விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டாவது கடிதம் பதிவுத் தபாலில் வந்த பிறகுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அப்படி விசாரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தச் சட்டம் என் வீட்டுக்குப் பொருந்துமா?

காடு, மரத்தோப்பு, 'மாக்கி', 'காரிக்' என்று அங்கே சொல்லும் முட்புதர் நிலம் ஆகியவற்றுக்குள்ளோ, அவற்றின் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள்ளோ வீடு இருந்தால் பெரும்பாலும் பொருந்தும். புரோவான்ஸ்-ஆல்ப்-கோத் தசூர், கோர்சிகா, பழைய லாங்தொக்-ரூசியோன், மிதி-பிரெனே, அகித்தேன் பிராந்தியங்கள், ஆர்தேஷ், துரோம் மாவட்டங்கள் ஆகியவை சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை. 2023 ஜூலை 10ஆம் தேதிச் சட்டத்துக்குப் பிறகு, 2024இல் இன்னும் சில மாவட்டங்களின் காடுகளும் பட்டியலில் சேர்ந்தன. 'வடக்கே இருக்கிறோம், நமக்கென்ன' என்று இருந்துவிட முடியாது.

சந்தேகம் இருந்தால் அரசு வரைபடத் தளத்தைத் (முன்பு ஜெயோபோர்த்தாய், அதன் இடத்தில் வந்தது cartes.gouv.fr) திறந்து, ஓ.எல்.தே. அடுக்கைத் தேர்ந்தெடுத்து, உங்கள் முகவரியை அடித்துப் பாருங்கள். வீட்டின் மேல் நிறம் விழுந்திருந்தால் கடமை உண்டு. கோட்டின் ஓரத்தில் இருக்கிறீர்கள் என்றால் மெரியில் கேட்டுவிடுவது நல்லது. வரைபடம் தகவலுக்குத்தான், தரையில் காடு எங்கே தொடங்குகிறது என்பதுதான் கணக்கு.

50 மீட்டர் என்கிறார்கள். என் வேலி 15 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறதே?

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. வேலியிலிருந்து அளப்பதில்லை. வீட்டுச் சுவரிலிருந்து எல்லாத் திசையிலும் 50 மீட்டர். உங்கள் காணி 15 மீட்டரில் முடிந்தால் மீதி 35 மீட்டர் அடுத்தவர் காணியில் விழும். அதையும் வெட்ட வேண்டியவர் நீங்கள்தான். ஆபத்து அதிகமான ஊர்களில் மேயர் இந்தத் தூரத்தை 100 மீட்டர் வரை கூட்டலாம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலத்தில் ஒரு வீடு. அதைச் சுற்றி 50 மீட்டர் என்றால் ஏறத்தாழ 9,850 சதுர மீட்டர் வரும். கிட்டத்தட்ட ஒரு ஹெக்டேர், நம் கணக்கில் இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. 600 சதுர மீட்டர் காணியில் வீடு வாங்கியவருக்கு இரண்டரை ஏக்கர் வேலை என்றால் திகைப்பாகத்தான் இருக்கும். காட்டுப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கும்போதே இந்தப் பரப்பையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்தவர் காணியை நான் ஏன் என் செலவில் வெட்ட வேண்டும்? இது என்ன நியாயம்?

கேட்கிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்கிறார்கள். சட்டம் பார்க்கும் விதம் வேறு. காடு அங்கே முன்பிருந்தே இருந்தது. வீடு பிறகு வந்தது. புதர் தானாக ஆபத்து ஆவதில்லை, பக்கத்தில் வீடு வந்ததால்தான் ஆபத்தாகிறது. அதனால் வீடு யாருடையதோ கடமையும் அவருடையது.

இன்னொன்றும் உண்டு. காட்டிலிருந்து வீட்டுக்குத் தீ வருவதை மட்டும் சட்டம் நினைக்கவில்லை. வீட்டில் தொடங்கும் தீ காட்டுக்குப் போவதையும் நினைக்கிறது. பிரான்சில் பத்தில் ஒன்பது காட்டுத்தீக்கு மனிதர்களே காரணம்: பார்பெக்யூ, சிகரெட் துண்டு, வெல்டிங் வேலை, புல் வெட்டும் மிஷின். அந்த 50 மீட்டர் இரண்டு பக்கத்துக்கும் காவல்.

சரி, ஆனால் பக்கத்துக் காணிக்காரர் உள்ளே விடவில்லை என்றால்?

நீங்களாக வேலியைத் தாண்டிப் போய் வெட்டக் கூடாது. முதலில் அவருக்கு எழுத வேண்டும். தேதியை நிரூபிக்கும்படி எழுத வேண்டும் என்பதால் பதிவுத் தபால்தான் நல்லது. கடிதத்தில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். உங்களுக்கு இந்தக் கடமை அவர் காணி வரை நீள்கிறது. உள்ளே வந்து வேலை செய்ய அனுமதி கேட்கிறீர்கள். ஒரு மாதத்துக்குள் அனுமதி தராவிட்டால் அந்தப் பகுதியின் கடமை சட்டப்படி அவர் தலையில் விழும். அவரே வெட்டிக்கொள்ள விரும்பினால் அதுவும் சரி.

மூன்றாவது வரிதான் முக்கியம். அதைப் படித்ததும் பெரும்பாலானவர்கள் 'வந்து வெட்டிக்கொள்ளுங்கள்' என்றுவிடுவார்கள். ஒரு மாதம் கழிந்தும் பதிலே இல்லை, அல்லது மறுத்துவிட்டார் என்றால் மேயருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அத்தோடு அந்தத் துண்டுக்கான பொறுப்பு அவருடையது. கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை தீ வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

இதில் ஒரு நாகரிகமும் உண்டு. அனுமதி கிடைத்தாலும் மரம் அவருடையதுதான். வெட்டிய கிளையையும் முள்ளையும் அப்புறப்படுத்துவது உங்கள் வேலை. நல்ல கட்டையை 'விறகுக்கு ஆகும்' என்று வண்டியில் ஏற்றி வருவது உங்கள் உரிமை இல்லை. பாதி அயல்வீட்டுச் சண்டைகள் விறகில்தான் தொடங்குகின்றன.

இரண்டு வீட்டின் 50 மீட்டரும் ஒரே இடத்தில் விழுந்தால்?

அவரவர் காணிக்குள் விழுவதை அவரவர் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்க வேண்டிய கடமை இல்லாத மூன்றாவது ஒருவர் காணியில் இரண்டும் விழுந்தால், அந்தக் காணியின் எல்லைக்கு யார் வீடு மிக அருகில் இருக்கிறதோ அவர் செய்ய வேண்டும். முன்பு இதில் ஓயாத தகராறு. 2023ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கியது.

ஊருக்குள் வெறும் காணி மட்டும் இருக்கிறது. வீடு கட்டவில்லை. எனக்கும் உண்டா?

உண்டு. நகரத் திட்ட வரைபடத்தில் உங்கள் காணி நகரப் பகுதி என்று குறிக்கப்பட்டு, காட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும் இருந்தால், காணி முழுவதையும் நீங்களே சுத்தமாக வைத்திருக்க வேண்டும். வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே விதிதான். பிள்ளைகளுக்கு என்று வாங்கிப் போட்டுவிட்டு, பாரிசில் இருந்துகொண்டு பத்து வருடமாக எட்டியும் பார்க்காத காணிகள்தான் மெரிக்குப் பெரிய தலைவலி.

எல்லா மரத்தையும் வெட்டி மொட்டையாக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். செய்யவும் கூடாது. சட்டம் கேட்பது மொட்டை நிலம் அல்ல. எரியக்கூடிய செடிகொடிகளின் தொடர்ச்சி அறுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தீ எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். பைன் மரத்தடியில் இடுப்பளவு ரோஸ்மேரிப் புதர் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். கீழே காய்ந்த புல். புல்லில் தீ பிடித்தால் முழங்கால் உயரத்துக்குத்தான் சுவாலை. அது புதரைப் பிடித்ததும் ஆள் உயரம். புதரின் சுவாலை பைனின் தாழ்ந்த கிளையைத் தொட்டதும், ஏணியில் ஏறுவதுபோல உச்சிக்குப் போய்விடும். உச்சிக்குப் போன தீயை நிலத்தில் நின்று குழாயால் அணைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆனால் அந்த ஒரு புதரையும், இரண்டு மீட்டர் உயரம் வரை தாழ்ந்த கிளைகளையும் எடுத்துவிட்டால் அதே பைன் மரம் அங்கேயே நிற்கலாம். தீ அதன் அடியில் புல்லோடு ஓடி முடிந்துவிடும்.

ஆக, வேலை இதுதான். காய்ந்த புல்லையும் முட்புதரையும் தாழ வெட்டுவது, பட்ட மரத்தை எடுப்பது, மரத்தின் தாழ்ந்த கொப்புகளைக் கழிப்பது, மரத்துக்கு மரம் இடைவெளி விடுவது. இடைவெளி எத்தனை மீட்டர், கிளை எவ்வளவு உயரம் வரை என்பதெல்லாம் ஒவ்வொரு மாவட்டத்து பிரெபெக்சர் (மாவட்ட அரசு நிர்வாகம்) ஆணையில் எழுதியிருக்கும். பல இடங்களில் வீட்டுச் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் கிளை 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று இருக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் உறவினர் சொன்ன அளவை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

காணி சரிவில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தீ மேட்டைப் பார்த்து ஓடும். சரிவு ஒவ்வொரு பத்து பாகை கூடும்போதும் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். வீட்டுக்குக் கீழ்ப்பக்கம்தான் முதலில் கவனிக்க வேண்டிய பக்கம்.

பூச்செடி, பழமரம், தோட்டம் எல்லாம் போய்விடுமா?

தண்ணீர் பாயும் புல்தரையும் கத்தரிக்காய்ப் பாத்தியும் தீயைத் தடுப்பவை. பராமரித்த ஒலிவத் தோப்பும் திராட்சைத் தோட்டமும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் ஓத் மாவட்டத்து கோர்பியேர் பகுதியில் சுமார் 16,000 ஹெக்டேரில் தீ பரவியபோது, அங்கே திராட்சைத் தோட்டங்கள் பிடுங்கப்பட்டு நிலம் தரிசானதும் ஒரு காரணம் என்று ஊர்க்காரர்களும் அரசியல்வாதிகளும் சொன்னார்கள். மாறாக, மறைப்புக்காக வீட்டைச் சுற்றி வரிசையாக நடும் சைப்ரஸ், துயா வேலிகள்தான் மோசம். வெளியே பச்சை, உள்ளே கையை விட்டுப் பார்த்தால் வருடக் கணக்கில் சேர்ந்த காய்ந்த குச்சி. தீப்பிடித்தால் வேலி முழுக்கத் திரிபோல எரிந்து வீட்டுச் சுவர் வரை வந்துவிடும்.

50 மீட்டரும் சுத்தம். இனிப் பயமில்லையா?

மழைநீர் ஓடும் கூரைப் பீலியில் கையை விட்டுப் பாருங்கள். தெற்கில் பைன் மரம் பக்கத்தில் இருக்கும் வீட்டில் ஒரு பிடி காய்ந்த ஊசி இலை கட்டாயம் வரும். காட்டுத்தீயில் வீடுகள் எரிவது பெரும்பாலும் சுவாலை நேரே வந்து தொடுவதால் அல்ல. மிஸ்த்ரால் எனும் பலத்த வடகாற்று கங்குகளை நூற்றுக்கணக்கான மீட்டர் முன்னால் வீசிக்கொண்டு வரும். ஒரு கங்கு பீலியில் உள்ள ஊசி இலையில் விழுந்தால் போதும், ஓட்டுக்கு அடியில் உள்ள மரச்சட்டம் பிடித்துக்கொள்ளும். சுவரோடு அடுக்கிய விறகு, வாசலில் கிடக்கும் தென்னை நார் மிதியடி, மாடத்தில் விட்டுப்போன பிளாஸ்டிக் நாற்காலி, எரிவாயுத் தொட்டியைச் சுற்றி வளர்ந்த புல் எல்லாம் இதே கணக்குதான். பீலியைச் சுத்தம் செய்யக் காசு வேண்டாம், ஏணியும் அரை மணி நேரமும் போதும். என்னைக் கேட்டால் கோடை தொடங்கும் முன் முதலில் செய்ய வேண்டியது இது.

வீட்டுக்கு வரும் பாதை?

தனியார் பாதையாக இருந்தால் அதன் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். எத்தனை மீட்டர் என்பதை பிரெபெக்சர் தீர்மானிக்கும். உச்ச அளவு பக்கத்துக்கு 10 மீட்டர். மேலே தாழ்ந்து தொங்கும் கிளைகளையும் விடாதீர்கள். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத பாதைக்குள் தீயணைப்பாளர்கள் வண்டியை விடமாட்டார்கள். அவர்களுக்கும் திரும்பி வர வழி வேண்டுமே.

எப்போது செய்ய வேண்டும்?

இலையுதிர்காலமும் குளிர்காலமும். பறவைகள் கூடு கட்டும் முன் பெரிய வேலைகளை முடித்துவிடுங்கள். வசந்த மழைக்குப் பிறகு புல் மறுபடி வளரும், அதை மட்டும் இன்னொரு தடவை வெட்ட வேண்டியிருக்கும். ஒரு முறை செய்து முடித்துவிடும் வேலை அல்ல இது. வருடம் முழுக்க அந்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது.

கோடை நடுவில் புதர் வெட்டும் மிஷினோடு இறங்குவது பெரிய தப்பு. இரும்புத் தகடு கல்லில் உரசும்போது பறக்கும் பொறி கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது, ஆனால் ஜூலை மாதத்துக் காய்ந்த புல்லுக்கு அது போதும். ஆபத்தான நாட்களில் இப்படிப்பட்ட வேலைகளுக்கு பிரெபெக்சர் தடை போடுவதும் உண்டு.

வெட்டியதைக் குவித்து எரித்துவிடலாமா?

ஊரில் அப்படித்தான் செய்தோம் என்பது சரி. பிரான்சில் தோட்டக் கழிவைத் திறந்த வெளியில் எரிப்பது பொதுவாகத் தடை. அபராதம் 750 யூரோ வரை போகலாம். ஓ.எல்.தே. வேலையில் வந்த கழிவுக்கு மட்டும் சில மாவட்டங்களில், சில மாதங்களில் விதிவிலக்கு உண்டு. மெரியில் கேட்காமல் தீக்குச்சியைத் தொடாதீர்கள். தெஷேத்ரியில் (ஊர்க் கழிவு சேகரிப்பு நிலையம்) கொண்டுபோய்ப் போடலாம், அல்லது அரவை மிஷினில் போட்டுத் தூளாக்கலாம். அந்தத் தூளை வீட்டுச் சுவரோரம் மட்டும் கொட்டாதீர்கள்.

நான் வாடகைக்கு இருக்கிறேன். யார் செய்ய வேண்டும்?

சட்டத்தின் முன் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருக்கு. புல் வெட்டுவதுபோன்ற வழக்கமான பராமரிப்பை ஒப்பந்தம் உங்களிடம் விட்டிருக்கலாம், படித்துப் பாருங்கள். ஆனால் நோட்டீசும் அபராதமும் சொந்தக்காரர் பெயருக்கே வரும்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

சொந்தக்காரரின் செலவுதான், மானியம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: புதர் வெட்டும் வேலை வீட்டுத் தோட்ட வேலைகளுக்கான வரிச் சலுகைக்குள் வருகிறது. அங்கீகாரம் பெற்ற வீட்டுச் சேவை நிறுவனத்துக்கு, அல்லது முறைப்படி பதிவு செய்து சம்பளம் கொடுக்கும் ஆளுக்கு நீங்கள் கொடுத்ததில் பாதி வரிக் கழிவாகத் திரும்பும். வருடத்துக்கு 5,000 யூரோ வரையான தோட்ட வேலைச் செலவுக்கு இது செல்லும். ரசீது இல்லாமல் கையில் காசு கொடுத்து வேலை வாங்கினால் இந்தச் சலுகையும் போகும், இன்சூரன்சுக்குக் காட்ட அத்தாட்சியும் இருக்காது.

அக்கம்பக்கத்து நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் ஒரே ஆளை வரவழைத்தால் விலை பேசவும் வசதி. ஒருவர் காணிக்குள் ஒருவர் நுழையும் அனுமதிப் பிரச்சினையும் பேச்சோடு தீரும்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்?

சோதிப்பது மேயரின் பொறுப்பு. வேலை செய்யாதவருக்கு 1,500 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். மேயர் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பி, அதற்கும் அசையவில்லை என்றால் கணக்கு வேறு மாதிரி போகும்: வெட்டாமல் விட்ட ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 50 யூரோ வரை. வெறும் 400 சதுர மீட்டர் விட்டிருந்தால்கூட 20,000 யூரோ வரை வரலாம். இதைத் தவிர, தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 யூரோ வரை தண்டம் போடலாம். நகரசபையே ஆள் வைத்து வெட்டிவிட்டு உங்களுக்குப் பில் அனுப்பவும் முடியும். உங்கள் அலட்சியத்தால் தீ பரவி அடுத்தவர் சொத்து எரிந்தால் அது குற்ற வழக்கு. சிறை வரை போகும்.

இன்சூரன்ஸ் பணம் தராதா?

தரும். ஆனால் கடமையைச் செய்யவில்லை என்று தெரிந்தால், வழக்கமாக இழப்பில் நீங்களே ஏற்கும் தொகைக்கு மேல் 10,000 யூரோ வரை கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. 'இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். வேலைக்கு முன்னும் பின்னும் நாலைந்து படம் எடுத்து ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

2025 ஜனவரி 1 முதல், விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் அந்த வீட்டுக்கு ஓ.எல்.தே. உண்டா என்பதை ஆபத்து விவர அறிக்கையில் சொல்லியாக வேண்டும். விற்பனைப் பத்திரம் எழுதும் நொத்தேர் நீட்டும் தாள்கட்டில் அது எங்கோ நடுவில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். அப்புறம் ஒரு நாள் நேரில் போய், சுவரில் இருந்து அறுபது எழுபது எட்டு நடந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் யாருடையது, அங்கே என்ன வளர்ந்திருக்கிறது என்று கேட்டால் விற்பவரின் முகமே பாதிப் பதில் சொல்லிவிடும்.

இவ்வளவும் செய்தால் உண்மையிலேயே வீடு தப்புமா?

உத்தரவாதம் யாரும் தர முடியாது. ஆனால் காட்டுத்தீயில் அழிந்த வீடுகளில் 90 விழுக்காடு, புதர் வெட்டாத அல்லது அரைகுறையாக வெட்டிய காணிகளில் இருந்தவை என்று அரசே தன் பிரசாரத்தில் சொல்கிறது. 2022இல் லாந்திராஸ், லா தெஸ்த் தெ பூக் உட்படப் பல இடங்களில் தீப்பிடித்து ஜிரோந்து மாவட்டத்தில் 30,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அதே ஆண்டு செனட் சபை அறிக்கை, இந்தக் கடமையை நிறைவேற்றுபவர்கள் 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதங்கள் ஏறியது அதன் பிறகுதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. பிரான்சில் காட்டுத்தீ நெருங்கும்போது, வெளியேறச் சொல்லாதவரை உறுதியான வீட்டுக்குள் போய்க் கதவையும் ஜன்னல் பலகைகளையும் மூடிக்கொண்டு இருக்கச் சொல்வார்கள். கடைசி நிமிடத்தில் காரில் கிளம்பிப் புகைக்குள் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம் ஆபத்தில் சிக்குகிறார்கள். உள்ளே இருப்பது பத்திரமா என்பது சுற்றி இருக்கும் அந்த 50 மீட்டரைப் பொறுத்தது.

வேறு நாடுகளிலும் இப்படி உண்டா?

உண்டு. போர்த்துகலில் 2006இலேயே 50 மீட்டர் விதி வந்தது. 2017 ஜூனில் பெத்ரோகாவ் கிராந்தே தீயில் 66 பேர் இறந்த பிறகுதான் அதைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் 100 அடி.

பக்கத்து வீட்டுக்காரர் வெட்டவே இல்லை. என் வீட்டுக்கும் ஆபத்து. நான் என்ன செய்யலாம்?

முதலில் நேரில் பேசிப் பாருங்கள். வயதானவர்களாக இருந்தால் பெரும்பாலும் முடியாமை அல்லது காசு இல்லாமைதான் காரணம். பேச்சு எடுபடவில்லை என்றால் மேயருக்குப் பதிவுத் தபாலில், படங்களோடு எழுதுங்கள். கட்டாயப்படுத்தும் அதிகாரம் மேயருக்குத்தான். தேர்தல் பக்கத்தில் இருந்தால் சில மேயர்கள் வாக்காளரைப் பகைக்கத் தயங்குவார்கள். அப்படி அசையாமல் இருந்தால் அதே கடிதத்தின் நகலை பிரெபெக்சருக்கு அனுப்புங்கள்.